ஜூலு மூலிகை மருந்து: எதைக் கேட்பது, எப்படிக் காய்ச்சுவது, எதைத் தொடாமல் விடுவது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வார்விக் சந்திப்பில், கட்டி முடிக்காமல் விட்ட மேம்பாலத்தின் மேல் ஒரு மூலிகைச் சந்தை நடக்கிறது. தரையில் விரித்த தாளில் பட்டைகள் அடுக்கியிருக்கும். பக்கத்திலேயே மண் ஒட்டிய கிழங்குகள், கட்டுக்கட்டாக வேர்கள், கைபட்டாலே மணக்கும் சாம்பல் நிற இலைக் கொத்துகள். விற்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் வியாபாரிகள், வைத்தியம் பார்ப்பவர்கள் அல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே பாதித் தொல்லை குறையும். சந்தையில் கிடைப்பது சரக்கு மட்டும்தான். எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை நாள் என்பதைச் சொல்ல வேண்டியவர் வேறு ஆள்.

ஜூலு மக்கள் உட்பட, பாந்து மொழிகள் பேசும் மக்கள் கேமரூனிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை பரவியிருக்கிறார்கள். செடியும் சடங்கும் இடத்துக்கு இடம் மாறும். இங்கே சொல்வது டர்பன் அமைந்துள்ள குவாசூலு-நட்டால் பகுதி ஜூலு மக்களின் முறை. ஓரிரு இடத்தில் மட்டும் அக்கம்பக்கத்து வழக்கமும் வரும்.

யாரிடம் போவது

இன்யாங்கா என்பவர் மூலிகை வைத்தியர். சங்கோமா குறி பார்ப்பவர். நோய் எதனால் வந்தது, முன்னோர் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வார். இருவர் வேலையையும் ஒருவரே செய்வதும் இப்போது சகஜம். உம்தந்தாசி என்பவர் தேவாலய வழியில் ஜெபமும் தண்ணீரும் கொண்டு குணமாக்குபவர். 2007ஆம் ஆண்டின் 22ஆம் எண் தென்னாப்பிரிக்கச் சட்டம் குறி பார்ப்போர், மூலிகை வைத்தியர், மருத்துவச்சி, விருத்தசேதனம் செய்வோர் என நான்கு வகையினரை அங்கீகரிக்கிறது. இதற்கு முன் 2004இல் வந்த சட்டத்தை, மக்களிடம் போதுமான அளவு கருத்துக் கேட்கவில்லை என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2006இல் ரத்து செய்தது. அதனால்தான் இரண்டாம் முறை இயற்ற வேண்டி வந்தது.

நல்ல வைத்தியரைக் கண்டுபிடிக்கும் வழி பழையதுதான்: அவரிடம் போய் வந்தவர்களிடம் விசாரிப்பது. விளக்குக் கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துப் போகாதீர்கள். பிரிந்த காதலரைச் சேர்த்து வைப்பது, லாட்டரி எண் சொல்வது, பணத்தை இரட்டிப்பாக்குவது எல்லாம் ஒரே தாளில் அச்சாகியிருந்தால் அது வைத்தியம் இல்லை. "பணத்தைக் கொண்டு வா, சுத்தம் செய்து தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

சங்கோமாவின் அறைக்கு இந்தும்பா என்று பெயர். செருப்பை வாசலில் விட்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார வேண்டும். "மக்கோசி" என்றோ "தொக்கோசா கோகோ" என்றோ வணக்கம் சொல்லலாம். கோகோ என்றால் பாட்டி. சங்கோமாவின் வயது முப்பதாக இருந்தாலும், ஆணாகவே இருந்தாலும் பல இடங்களில் அதே விளிதான், ஏனென்றால் பேச்சு அவருக்குள் இருக்கும் மூதாதைக்கு. முதலில் தொடக்கப் பணம் வைக்க வேண்டும். மருந்துக்கான பணம் தனி. அது எவ்வளவு என்பதை அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இம்பேபோ என்னும் உலர்ந்த மூலிகைக் கொத்து புகைந்ததும் எலும்பு, சிப்பி, நாணயம், பகடை எல்லாம் கலந்த ஒரு தொகுதியை அவர் பாயில் வீசுவார். நோயை நீங்களே ஒப்பிக்க வேண்டியதில்லை. அவர் சொல்லிக்கொண்டே போவார். ஒத்துக்கொண்டால் "சியாவுமா" என்று பதில் சொல்வது வழக்கம். மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டால் குறி திசை மாறிப் போகும், மருந்தும் அதோடு மாறும்.

மருந்து கைக்கு வந்ததும் கேட்க வேண்டியவை சில உண்டு. என்ன செடி, அதன் எந்தப் பாகம்? குடிப்பதா, முகர்வதா, குளிப்பதா? ஒரு வேளைக்கு எத்தனை கரண்டி? எப்போது நிறுத்த வேண்டும்? என்ன நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும்? செடியின் பெயரைச் சொல்லத் தயங்கும் வைத்தியர்கள் உண்டு. அது அவர்களின் தொழில் ரகசியம், அதில் தவறு காண முடியாது. ஆனால் அளவையும் நிறுத்தும் நாளையும் சொல்ல மறுத்தால் அந்த மருந்தைக் குடிக்க வேண்டாம்.

உம்ஹ்லொன்யானே: குடிநீரும் ஆவியும்

சளி, இருமல், மூக்கடைப்புக்கு ஜூலு, கோசா, சோத்தோ மக்கள் எல்லோரும் முதலில் கைவைக்கும் செடி இது. தாவரப் பெயர் ஆர்ட்டிமீசியா ஆஃப்ரா. நம் மாசிபத்திரிக்கு உறவு. இரண்டு மீட்டர் வரை வளரும். இலை இறகு போலப் பிளந்து, அடிப்புறம் சாம்பல் வெளுப்பாக இருக்கும். கசக்கினால் கற்பூரமும் கசப்பும் கலந்த கடுமையான வாசனை வரும். வாசனை வராத இலை பழசு, வாங்காதீர்கள்.

இதை ஆர்ட்டிமீசியா ஆனுவா என்ற இன்னொரு செடியோடு குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் கிடைப்பது ஆனுவாவிலிருந்து. ஆஃப்ராவில் அது இருக்கிறது என்று நம்பி மலேரியாவுக்குக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. 2020இல் கொரோனா வந்தபோது இரண்டின் பெயரும் ஒன்றாக அடிபட்டு, சந்தைக்கு வந்த செடிகளில் பல வேரோடு பிடுங்கியவையாக இருந்தன. வேர் மருந்துக்கு வேண்டியதே இல்லை. நுனிக் கிளையை வெட்டினால் போதும், செடி மறுபடி தழைக்கும்.

குடிநீர் என்னும் இலைக் கஷாயத்துக்கு, கால் கோப்பை பச்சை இலைக்கு ஒரு கோப்பை கொதித்த தண்ணீர். உலர்ந்த இலை என்றால் ஒரு தேக்கரண்டி போதும். இலையைப் பாத்திரத்தில் போட்டு, கொதித்த தண்ணீரை மேலே ஊற்றி, உடனே மூடி 10 நிமிடம் விட்டு வடிகட்ட வேண்டும். பலரும் செய்யும் தவறு, இலையைத் தண்ணீரோடு சேர்த்து அரை மணி நேரம் கொதிக்க வைப்பது. மருந்தே அந்த வாசனை எண்ணெய்தான்; கொதித்தால் அது வீடெல்லாம் மணத்துவிட்டுப் போய்விடும், கோப்பையில் கசப்பு மட்டும் மிஞ்சும். மூடி போடாமல் ஊற வைத்தாலும் இதே கதைதான். வடிகட்டிய நீரில் தேன் கலந்து காலையில் அரைக் கோப்பை, இரவில் அரைக் கோப்பை. மூன்று நாளில் குணம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

இதில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது. அளவு மீறினால் நரம்பைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் தொடவே கூடாது. துஜோன் தண்ணீரில் கொஞ்சமாகத்தான் இறங்கும். சாராயத்தில் நிறைய இறங்கும். அதனால் பிராந்தியில் ஊற வைத்த இலைச்சாற்றைக் குடிநீர் அளவுக்குக் குடிப்பது விபரீதம். ஒரே செடி, ஒரே அளவு இலை. ஊற வைத்த திரவம் மாறியதும் மருந்தின் வீரியமே மாறிவிடுகிறது.

ஆவி பிடிக்க, 5 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு பெரிய கைப்பிடி இலைக் கொம்புகள். தண்ணீர் கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, இலையைப் போட்டு மூடி, மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். பானையைச் சமதளத்தில், ஆடாத இடத்தில் வையுங்கள். நீங்கள் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, போர்வையை உங்களையும் பானையையும் சேர்த்து மூடும்படி போர்த்திக்கொண்டு, மூடியைச் சிறிது சிறிதாக விலக்க வேண்டும். முழு மூடியையும் சட்டென்று திறந்தால் முதல் ஆவியே முகத்தைச் சுட்டுவிடும். முகம் பானையிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். வெளியே வந்ததும் காற்றில் நிற்காமல் வியர்வையைத் துடைத்துப் போர்த்திக்கொண்டு படுப்பது வழக்கம். கூடவே தண்ணீரும் குடியுங்கள்.

ஆவி பிடிப்பதில் கேடு வருவது பெரும்பாலும் செடியால் இல்லை, கொதிநீரால். பானை கவிழ்ந்து தொடை வெந்துபோவதுதான் அடிக்கடி நடப்பது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போர்வைக்குள் போகவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சூடான ஆவியே மூச்சை இறுக்கலாம், அவர்களும் தவிர்க்க வேண்டும். பழைய முறையில் பானையில் சூடேற்றிய கற்களைப் போட்டு ஆவி கிளப்புவார்கள். ஆற்றங்கரையில் எடுத்த கல்லுக்குள் ஈரம் இருந்தால் நெருப்பில் வெடித்துச் சிதறும். கற்கள் வேண்டாம்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் ஆவியும் வேண்டாம், குடிநீரும் வேண்டாம். அது காசநோயாக இருக்கலாம். அரசு கிளினிக்கில் சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

புகை

இம்பேபோ என்பது ஹெலிகிரைசம் இனச் செடிகளின் உலர்ந்த கொத்து. முன்னோரை அழைக்க, அறையைச் சுத்தம் செய்ய, குறி பார்க்கும் முன் மனத்தை ஒருநிலைப்படுத்த என்று எல்லாவற்றுக்கும் இதுதான். உடைந்த பானை ஓட்டில் ஒரு சிறு பிடியை வைத்துப் பற்ற வைத்து, சுடரை ஊதி அணைத்து, புகைய விட வேண்டும். ஓட்டுக்கு அடியில் மணலோ செங்கல்லோ வையுங்கள். ஓடு சூடேறித் தரைப்பாயைக் கருக்கிவிடும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கொத்து ஈரமாக இருந்தால் புகை கண்ணைக் கரிக்கும், வாசனையும் வராது.

வாந்தி, எனிமா, கீறல்

இவை மூன்றும் ஜூலு வைத்தியத்தின் மையம். பித்தமும் அசுத்தமும் வெளியேற வேண்டும் என்பதே அதன் அடிப்படை எண்ணம். உடலைக் கெடுப்பதும் பெரும்பாலும் இந்த மூன்றுதான். எங்கள் கருத்து நேரடியானது: முதலாவதைக் கட்டுப்பாட்டோடு செய்யலாம், இரண்டாவதை மறுக்க வேண்டும், மூன்றாவதைப் புதிய பிளேடு இல்லாமல் அனுமதிக்கக் கூடாது.

உகுபலாசா என்னும் வாந்தி முறையில் வெதுவெதுப்பான மூலிகை நீரை ஒரு லிட்டருக்கு மேல் வேகமாகக் குடித்து, உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். வயிற்றில் தங்காமல் திரும்பி வந்துவிடுவதால் இதில் பயன்படும் செடிகள் சில வீரியமானவை. குடித்தும் வாந்தி வரவில்லை என்றால்தான் சிக்கல்: அதே நீர் இப்போது மருந்தாக உள்ளே தங்கிவிட்டது. அப்படி நடந்தால் மேலும் மேலும் குடித்துப் பார்க்காமல் கிளினிக்குக்குப் போங்கள். அடிக்கடி செய்தால் உப்புச் சத்து குறைந்து கால் இழுக்கும், மயக்கம் வரும். முடித்ததும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். வாந்தியில் இரத்தம் தெரிந்தால் உணவுக்குழாய் கிழிந்திருக்கலாம், தாமதிக்க நேரமில்லை. எச்ஐவி மாத்திரையோ கருத்தடை மாத்திரையோ போட்ட ஓரிரு மணி நேரத்துக்குள் இதைச் செய்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே போய்விடும். மருந்து வேலை செய்யாமல் போவதற்கு இந்த நேரக் கணக்கும் காரணமாகலாம்.

எனிமாவில் உள்ளே போனதை அப்படியே வெளியே எடுத்துவிட முடியாது. பெருங்குடலின் சுவர் வேகமாக உறிஞ்சுகிறது. வாய் வழியாகப் போனால் கசப்பும் குமட்டலும் எச்சரிக்கும், இங்கே அந்த எச்சரிக்கை கிடையாது. குழந்தைக்கு, அதுவும் கைக்குழந்தைக்கு, பெரியவர் அளவில் பாதி என்று ஊற்றினாலும் அது அந்த உடம்புக்குப் பல மடங்கு. மூலிகையோடு வினிகர், சோப்பு, கிருமிநாசினி, பொட்டாசியம் டைகுரோமேட் எல்லாம் கலப்பார்கள். டைகுரோமேட் ஆரஞ்சு நிறப் படிகம். அது சிறுநீரகத்தைச் சில நாட்களில் செயலிழக்கச் செய்த நோயாளிகளை தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு வயிறு உப்பியிருக்கிறது என்று வீட்டில் யாராவது எனிமா கொடுக்கும் ரப்பர் குமிழை எடுத்தால் தடுத்துவிடுங்கள்.

கீறல் வைத்தியத்தில் மூட்டு, மார்பு, நெற்றி ஆகிய இடங்களில் தோலை மெல்லக் கீறி, கருக்கிப் பொடித்த கறுப்பு மருந்தைத் தேய்ப்பார்கள். பிளேடை நீங்களே உறை பிரிக்காமல் கொண்டு போய்க் கொடுக்கலாம். எந்த நல்ல வைத்தியரும் இதற்குக் கோபப்பட மாட்டார். குடும்பத்தோடு போனால் ஆளுக்கு ஒரு பிளேடு. கணவன் மனைவிதானே என்று ஒன்றைப் பகிர்வதில்தான் எச்ஐவியும் மஞ்சள் காமாலை பி வகையும் கைமாறுகின்றன. பொடியைத் தொடும் விரலும் கணக்கில் சேரும்: இரத்தம் பட்ட விரலைப் பொட்டலத்தில் மறுபடி விட்டால் அடுத்தவருக்கு அதுவே போகும். ஆகவே தேவையான பொடியை முதலிலேயே ஒரு தாளில் தனியாகக் கொட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளும் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கீறலைத் தவிர்க்க வேண்டும்.

சந்தையில் கண்டால் விலக வேண்டியவை

இம்பிலா முதலாவது. தாவரப் பெயர் காலிலெபிஸ் லாரியோலா. புல்வெளியில் வெள்ளை இதழும் கருஊதா நடுவுமாகப் பூக்கும் அழகான செடி. விற்பது அதன் கிழங்கு வேர். இதில் உள்ள அட்ராக்டிலோசைடு, செல்லுக்குள் ஆற்றல் பரிமாற்றத்தை அடைத்துவிடுகிறது. ஈரலும் சிறுநீரகமும் ஒன்றாக அழியும். இரத்தச் சர்க்கரை அடியோடு இறங்கும்; குழந்தைகளுக்கு வலிப்பும் நினைவிழப்பும் வரும். விஷ முறிவு மருந்து கிடையாது. அறிகுறி சில மணி நேரத்தில் தெரியலாம், சில நாள் கழித்தும் தெரியலாம். அதனால் "நேற்றுக் குடித்தது, அதனால் இருக்காது" என்று ஒதுக்கிவிடக் கூடாது. காய்ச்சினால் விஷம் முறியும் என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

இரண்டாவது இகிபிசிலா. பச்சை வெங்காயம் போன்ற பெரிய குமிழ், மேலே இலையே இல்லாத கொடி. இதயத் துடிப்பைக் குலைக்கும் விஷம் இதில் உண்டு. மூன்றாவது இன்கோத்தா. குமிழைச் சுற்றித் தாள் தாளாக உலர்ந்த உறைகள் இருக்கும். புண்ணுக்குக் கட்ட அந்த உறையைப் பயன்படுத்துவது பழைய பழக்கம். உள்ளே குடித்தால் மனப் பிரமையும் மரணமும் வரும்.

உலர்த்தி நறுக்கிய பிறகு கிழங்குகளைக் கண்ணால் பிரித்தறிவது அனுபவசாலிக்கும் கடினம். ஆகவே பொடியாக வாங்காதீர்கள், முழுதாக வாங்குங்கள். பெயர் எழுதாத கலவைப் பாட்டில்கள் இன்னும் மோசம்.

வீட்டில் யாருக்காவது மூலிகை குடித்த பின் விடாத வாந்தி, கண் மஞ்சளாதல், சிறுநீர் நின்றுபோதல், உளறல் எது வந்தாலும் மீதி மருந்தையும் வேரையும் ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்குக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். சொன்னால் திட்டுவார்கள் என்று மறைப்பதால்தான் முதல் நாள் வீணாகிறது. தென்னாப்பிரிக்காவில் ஆம்புலன்ஸ் எண் 10177, கைப்பேசியிலிருந்து 112; விஷத் தகவல் உதவி எண் 0861 555 777.

பட்டை எடுப்பதும் வளர்ப்பதும்

இசிபாஹா என்னும் வார்பர்கியா சாலுட்டாரிஸ் மரத்தின் பட்டை இருமலுக்கும் வாய்ப்புண்ணுக்கும் பெயர் போனது. ஒரு சின்னத் துண்டை மென்றால் முதலில் கசப்பு, பிறகு மிளகுக் காரம் நாக்கில் ஏறும். காரமே இல்லை என்றால் அது வேறு மரம். இந்தப் பேரே அதற்கு வினையாகி, காட்டில் மரங்கள் அருகிவிட்டன. காரத்தைத் தரும் சேர்மங்கள் இலையிலும் இருக்கின்றன. அதனால் குரூகர் தேசியப் பூங்காவைச் சுற்றியுள்ள வைத்தியர்களுக்கு நாற்றுகளைக் கொடுத்து, பட்டைக்குப் பதில் இலையைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். நட்டு வளர்த்த செடிக்குக் காட்டுச் செடியின் சக்தி இராது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. இலையை மென்று பார்க்கச் சொல்வதுதான் அதற்கு நல்ல பதில்.

பட்டைதான் வேண்டும் என்றால், மரத்தைச் சுற்றி வளையமாக உரிக்கவே கூடாது. இலை தயாரிக்கும் உணவு உட்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வளையம் முழுமையானால் வேர் பட்டினி கிடந்து மரம் சாகும். மேலிருந்து கீழாகக் குறுகிய பட்டையாக, உள்கட்டையைக் கீறாமல் உரித்து, காயத்தில் ஈர மண்ணைப் பூசிவிடுவது வழக்கம். கேமரூன் மலைப்பகுதியில் ப்ரூனஸ் ஆஃப்ரிக்கானா மரத்துக்கு வகுத்த முறையும் இதை ஒட்டியதே: 30 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல் உள்ள மரத்தில் மட்டும், எதிரெதிராக இரண்டு கால்பகுதிகளை எடுத்துவிட்டு, மீதி இரண்டையும் பல ஆண்டுகள் கழித்தே தொடலாம்.

இந்துங்குலு என்னும் காட்டு இஞ்சி குவாசூலு-நட்டால் காடுகளிலிருந்து முற்றாகத் துடைத்தெடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் தொட்டியில் எளிதாக வளரும். டர்பனின் சில்வர்க்ளென் நாற்றுப்பண்ணை 1980களிலிருந்தே இதுபோன்ற மருந்துச் செடிகளைப் பெருக்கி வருகிறது. அங்கே வசந்தம் தொடங்கும் செப்டம்பரில், மொட்டு உள்ள கிழங்குத் துண்டை மக்கிய இலை கலந்த, நீர் தேங்காத மண்ணில், அரை நிழலில் நடுங்கள். கோடை முழுவதும் தண்ணீர் தாராளமாக விடலாம். குளிர்காலம் வந்ததும் இலை மஞ்சளாகி மொத்தமும் காய்ந்துவிடும். செடி செத்துவிட்டது என்று பதறி மேலும் தண்ணீர் ஊற்றுபவர்களின் கிழங்குதான் அழுகுகிறது. அந்த மாதங்களில் தொட்டியைக் காயவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். தோண்டுவதும் இலை காய்ந்த பிறகுதான்: பெரிய கிழங்குகளை மருந்துக்கு எடுத்துக்கொண்டு, மொட்டுள்ள சிறு துண்டுகளை அதே மண்ணில் திரும்பப் புதைத்து, தொட்டியின் மேல் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.